வரைபடத்தில் வெள்ளையாக விட்ட இடம்

ஒரு கிராமத்துக்கு நாங்கள் போட்ட முதல் ஆபத்து வரைபடத்தில் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை எல்லாம் இருந்தன. ஆற்றங்கரையை ஒட்டி நீளமாக ஒரு துண்டு மட்டும் வெள்ளையாகக் கிடந்தது. அந்தக் கிராமத்தின் மிக ஏழையான நாற்பது சொச்சம் குடும்பங்கள் குடியிருந்தது அந்தத் துண்டில்தான்.

தவறு நடந்த விதம் ரொம்பச் சாதாரணமானது. விவசாயக் குடும்பங்களுக்குப் பருவநிலையால் வரும் ஆபத்தை வரைபடமாக்குவது எங்கள் வேலை. விவசாயம் என்றால் வயல் என்று எடுத்துக்கொண்டோம். செயற்கைக்கோள் படத்தில் பயிர் நிலம் எதுவென்று பிரித்து, அதற்கு வெளியே இருந்ததையெல்லாம் வெட்டிவிட்டுக் கணக்குப் போட்டோம். கரையோரத்துக் குடும்பங்களுக்குச் சொந்த நிலம் கிடையாது. அவர்கள் நடவு நடுகிற, களை பறிக்கிற, கதிர் அறுக்கிற நிலத்துக்கெல்லாம் நிறம் கிடைத்தது. அவர்கள் படுத்துத் தூங்கும் இடத்துக்குக் கிடைக்கவில்லை. கணினி எந்தப் பிழையும் காட்டவில்லை. சொன்னதை அப்படியே செய்திருந்தது, பாவம்.

நாங்கள் நாலு பேர். நான் மென்பொருள் பக்கத்திலிருந்து வந்தவன், மற்ற மூவரும் கிராமங்களில் பல வருடம் வேலை செய்தவர்கள். அந்த மூவரும் வரைபடத்தைப் பார்த்த ஐந்தாவது நிமிடத்தில் வெள்ளைத் துண்டைக் கண்டுபிடித்துவிட்டார்கள். நான் மூன்று வாரமாக அதையே பார்த்துக்கொண்டிருந்தேன், கண்ணில் படவில்லை. இதே வேலையில் இறங்கும் வேறு யாருக்காவது அந்த மூன்று வாரம் மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இன்று வரைபடம் போடுவது மிகவும் சுலபம். பாதி வம்பு அங்கேயே ஆரம்பிக்கிறது. 1972-லிருந்து லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் இருக்கின்றன, 2008-லிருந்து அவை முழுக்க இலவசம். 2014-ல் ஏவப்பட்ட சென்டினல்-1 செயற்கைக்கோளின் ரேடார் மேகத்தைத் துளைத்துக்கொண்டு பார்க்கும், இரவிலும் பார்க்கும். 2015-ல் வந்த சென்டினல்-2 பத்து மீட்டர் அளவில் பயிரைக் காட்டும். 1981 முதலான மழைக் கணக்கைத் தரும் சிர்ப்ஸ் தரவும், இதையெல்லாம் ஒன்றாக அடுக்க கியூஜிஐஎஸ் மென்பொருளும் காசில்லாமல் கிடைக்கின்றன. ஊரில் கால் வைக்காமலே நாலைந்து நாளில் அழகான ஆபத்து வரைபடம் ஒன்றைப் போட்டுவிடலாம். நான் போட்டேன்.

அந்தத் தரவுகளை நான் குறை சொல்லவில்லை. அவை எந்த அளவில் பேசுகின்றன என்பதை மறந்துவிட்டேன், அவ்வளவுதான். லேண்ட்சாட்டின் ஒரு படப்புள்ளி (பிக்சல்) 30 மீட்டருக்கு 30 மீட்டர். ஓர் ஏக்கர் என்பது நாலரைப் புள்ளி. கால் ஏக்கர் வைத்திருப்பவருடைய வயல் ஏறக்குறைய ஒரே புள்ளி, அதிலும் பாதி பக்கத்து வயலாக இருக்கும். மழைத் தரவின் கட்டம் ஐந்து கிலோமீட்டர் அகலம். எங்கள் கிராமம் முழுவதும் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிட்டது. அதாவது அந்தத் தரவைப் பொறுத்தவரை மேட்டுத் தெருவிலும் கரையோரத்திலும் ஒரே மழை.

அடுத்தது, வரைபடத்தில் கண் பரப்பைத்தான் பார்க்கும். பெரிய சிவப்பு பெரிய துன்பமாகத் தெரியும். உலகப் பண்ணைகளில் ஆறில் ஐந்து பங்கு 2 ஹெக்டேருக்கும் குறைவானவை, ஆனால் மொத்த விவசாய நிலத்தில் அவற்றின் பங்கு 12 சதவீதம் அளவுதான். நிலத்துக்கு நிறம் பூசும் எந்த வரைபடமும் பெரும்பாலும் பெரிய பண்ணைக்காரர்களுக்குத்தான் நிறம் பூசுகிறது. சிறு விவசாயி அதில் ஒரு புள்ளி, கூலிக்காரர் அதுவும் இல்லை.

சரி, கிராமத்துக்குப் போனோம்.

வரைபடத்தைப் பெரிய தாளில் அச்செடுத்து மரத்தடியில் விரித்தோம். வடக்கு மேலே இருக்கும்படி நான் வைத்தேன். ஒரு பெரியவர் குனிந்து, ஒரு வார்த்தை பேசாமல் தாளை முக்கால் சுற்றுத் திருப்பினார். இப்போது ஆறு அவர் தலைப்பக்கத்திலிருந்து கால்பக்கமாக ஓடியது. “இப்பத்தான் ஊரு ஊரா இருக்கு” என்றார். வடக்கு மேலே இருப்பதுதான் முறை என்று நான் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். “எங்களுக்குத் திசை தெரியும் தம்பி, உங்க காகிதத்துக்குத்தான் தெரியல.” எல்லோரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து எந்த ஊருக்குப் போனாலும் நான் முதலில் கேட்பது, தாளை எந்தப் பக்கமாக வைக்கலாம் என்பதைத்தான்.

அந்தக் கூட்டத்தில் என் வரைபடம் மூன்று இடங்களில் மாட்டிக்கொண்டது.

ஊருக்குக் கிழக்கே ஒரு மேடு காட்டியிருந்தேன். வெள்ளம் வந்தால் ஒதுங்க நல்ல இடம் என்று குறித்தும் வைத்திருந்தேன். அது மேடே இல்லை, அடர்ந்த தோப்பு. நான் பயன்படுத்திய உயரத் தரவு, 2000 பிப்ரவரியில் ஒரு விண்கலம் பதினோரு நாள் சுற்றி ரேடாரால் அளந்தது. அந்த ரேடார் பல இடங்களில் மர உச்சிக்கும் தரைக்கும் நடுவில் எங்கோ ஓர் உயரத்தைத்தான் பதிவு செய்தது. உண்மையில் அந்தத் தோப்பில்தான் தண்ணீர் முதலில் தேங்கும். என் படத்தை நம்பி யாராவது ஆடு மாடுகளை அங்கே ஓட்டிக்கொண்டு போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் சில சமயம் யோசிப்பேன். மரங்களையும் கட்டடங்களையும் கழித்துத் திருத்திய உயரத் தரவுகள் பிற்பாடு வந்துவிட்டன. இருந்தாலும் சமவெளியில் ஓர் அடி, இரண்டடி வித்தியாசம்தான் வீடு முழுகுவதையும் தப்பிப்பதையும் முடிவு செய்கிறது. அந்த ஓரடியை இந்தச் செயற்கைக்கோள் தரவுகளால் பிடிக்க முடியாது. ஒளி ஊடுருவும் குழாயில் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் கொத்தனார் வேலை, அந்த ஊரில் எந்தச் செயற்கைக்கோளைவிடவும் துல்லியமாக இருந்தது.

இரண்டாவதாக, நான்கு வெள்ளங்களை நான் காட்டியிருந்தேன். அவர்கள் ஏழு சொன்னார்கள். “பயிர் இடுப்பளவு நின்னப்போ வந்த தண்ணிய உங்க படம் பார்க்கவே இல்லையே” என்றார் ஒருவர். அவர் சொன்னது சரி. அசையாத திறந்த நீர்ப்பரப்பில் ரேடார் அலை பட்டால் வேறு பக்கம் தெறித்துப் போய்விடும், படத்தில் கருப்பாகத் தெரியும். கருப்பைத்தான் வெள்ளம் என்று கணினிக்குச் சொல்லியிருந்தேன். பயிர் நிற்கும் வயலில் தண்ணீர் ஏறினால் அலை தண்ணீரில் பட்டு, தண்டில் பட்டு, திரும்பி வந்துவிடுகிறது. படத்தில் அந்த வயல் இன்னும் வெளிச்சமாகத் தெரியும். விவசாயிக்கு அதிக நட்டம் தரும் வெள்ளத்தை, பயிர் வளர்ந்து நிற்கும்போது வருகிற வெள்ளத்தை, என் முறை காய்ந்த நிலமாகக் கணக்கு வைத்திருந்தது.

மூன்றாவதை ஓர் அம்மா சொன்னார். கரையோரத்தில் குடியிருப்பவர். கூட்டத்தின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார், கிளம்பும்போதுதான் பேசினார். “தண்ணி எப்ப வரும்னு எல்லாரும் கேக்குறீங்க. எப்பப் போகும்னு ஒருத்தரும் கேக்க மாட்டேங்குறீங்க.”

அவர் சொன்னது எனக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. மேட்டு வயலில் ஏறிய தண்ணீர் இரண்டு நாளில் வடிந்துவிடும். பள்ளத்தில் அது பத்துப் பன்னிரண்டு நாள் நிற்கும். நெல் மூன்று நாள் மூழ்கினால் பிழைத்துக்கொள்ளும், முழுசாக மூழ்கி ஒரு வாரத்தைத் தாண்டினால் பெரும்பாலான ரகங்கள் அழுகிவிடும். என் வரைபடத்தில் இரண்டு வயலுக்கும் ஒரே சிவப்பு. தண்ணீர் எவ்வளவு தூரம் வந்தது என்பதுதான் என்னிடம் இருந்தது, எத்தனை நாள் நின்றது என்பது இல்லை. அதற்குக் காரணமும் உண்டு. ஒரு சென்டினல்-1 செயற்கைக்கோள் அதே இடத்துக்கு மேலே திரும்பி வர 12 நாள் ஆகும். தண்ணீர் வந்து, பயிரைக் கொன்று, வடிந்து போகும்வரை அது வராமலே இருக்கலாம்.

இரண்டாவது வரைபடத்தை ஊர்க்காரர்களோடு சேர்ந்து போட்டோம். அதற்கு நாலைந்து மாதம் பிடித்தது.

ஆபத்தை எப்படிப் பிரிப்பது என்பதில் எங்களுக்குள்ளேயே குழப்பம் இருந்தது. ஐ.நா.வின் பருவநிலை அறிஞர் குழுவான ஐபிசிசியின் 2007 அறிக்கை ஒரு விதமாக வரையறுத்தது, 2014-ல் வந்தது வேறு விதமாக. நாங்கள் இரண்டிலும் பாதியை எடுத்துக் கலந்திருந்தோம். கடைசியில் 2014 அறிக்கை ஆபத்தைப் பிரித்த மூன்று பகுதிகளைச் சாதாரணக் கேள்விகளாக்கிக்கொண்டோம். என்ன வரும்? வந்தால் அதன் வழியில் யார், எது இருக்கிறது? அவர்களில் யாரால் தாங்க முடியாது? ஒவ்வொரு கேள்விக்கும் தனித் தாள், அதுவும் ஒளி ஊடுருவும் தாள். ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கலாம், தனித்தனியாகவும் எடுக்கலாம். மூன்றையும் கலந்து ஒரே நிறமாக்குவதில்லை என்று தீர்மானித்தோம். கலந்துவிட்டால் ஓரிடம் ஏன் சிவப்பாக இருக்கிறது என்பது தெரியாமல் போகும். ஏன் என்று தெரியாவிட்டால் என்ன செய்வது என்றும் தெரியாது. தண்ணீர் தேங்குவதால் சிவப்பா? அப்படியானால் வடிகாலைத் தூர்வார வேண்டும். கடன் கழுத்தை நெரிப்பதால் சிவப்பா? அங்கே தூர்வாரி ஒன்றும் ஆகாது.

முதல் இரண்டு தாள்கள் சீக்கிரம் முடிந்தன. மூன்றாவதில்தான் இழுத்தது.

எடுத்த எடுப்பில் வருமானம் எவ்வளவு என்று கேட்டோம். யாரும் உண்மை சொல்லவில்லை. சொல்ல முடியாது என்பதுதான் சரி; நாலு விதக் கூலி, இரண்டு விதக் கடன், பாதி கைமாற்று என்று ஓடும் வாழ்க்கைக்கு மாத வருமானம் என்று ஓர் எண் கிடையாது. பல வாரத் தடுமாற்றத்துக்குப் பிறகு எங்களில் ஒருவர் வேறு கேள்வி ஒன்றைக் கண்டுபிடித்தார்: “போன வெள்ளத்துக்கு அப்புறம் முதல்ல எதை வித்தீங்க? அடுத்தது எதை?”

அந்தக் கேள்வி எல்லாவற்றையும் திறந்துவிட்டது. வசதியான வீட்டில் எதுவும் விற்கவில்லை, சேமிப்பில் சமாளித்தார்கள். அடுத்த படியில் ஆடு, கோழி. அதற்கடுத்து நகை. அப்புறம் உழவு மாடு. மாட்டை விற்ற பிறகு அடுத்த வருட உழவுக்கு வாடகை கொடுக்க வேண்டும், ஆகவே அது விற்பனை என்பதைவிட அடுத்த வருடத்தை அடகு வைப்பது. அதற்கும் கீழே, விளையாத பயிரை முன்கூட்டியே பேசி விற்றவர்கள். கடைசிப் படியில், விற்க எதுவும் இல்லாமல், தங்கள் உழைப்பையே முன்பணத்துக்கு எழுதிக்கொடுத்து வெளியூர் போனவர்கள். எந்தக் குடும்பம் எந்தப் படியில் நின்றது என்று குறித்தாலே போதும், யார் தாங்குவார், யார் தாங்கமாட்டார் என்பது தெரிந்துவிட்டது. யாரும் வெட்கப்படாமல் பதில் சொன்னார்கள், ஏனென்றால் நாங்கள் கேட்டது வெள்ளத்தைப் பற்றி.

ஒரே வெள்ளம் மூன்று விதமாக அடிப்பதையும் அங்கேதான் பார்த்தேன். நிலத்துக்காரருக்குப் பயிர் போகிறது. குத்தகைக்காரருக்குப் பயிரோடு குத்தகைப் பாக்கியும், சாகுபடிக் கடனும் சேர்ந்துகொள்கின்றன. எழுத்தில் குத்தகை இல்லையென்றால், நிவாரணம் வந்தாலும் பத்திரத்தில் பெயர் உள்ளவருக்குத்தான் போகும். கூலிக்காரருக்குப் போவது வேலை நாட்கள். பயிர் அழிந்தால் களை பறிப்பு இல்லை, அறுவடை இல்லை, கதிரடிப்பு இல்லை. மூன்று மாத வேலை பன்னிரண்டு நாள் தண்ணீரில் போய்விடுகிறது, சேத மதிப்பீட்டில் அதற்கு ஒரு கட்டம்கூடக் கிடையாது. 1943 வங்கப் பஞ்சத்தில் அதிகம் செத்தவர்கள் கிராமத்துக் கூலித் தொழிலாளர்களும் மீனவர்களும்தான் என்று பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் 1981-ல் எடுத்துக்காட்டினார். உணவு எவ்வளவு இருந்தது என்பதைவிட, அதை வாங்கும் வலு யாரிடம் இல்லாமல் போயிற்று என்று அவர் பார்த்தார். நான் அதைப் படித்தது முன்னாலேயே. புரிந்தது அந்தக் கரையோரத்தில் உட்கார்ந்து வேலை நாட்களை எண்ணியபோதுதான்.

ஆகவே வரைபடத்தோடு நாட்காட்டி ஒன்றும் தேவைப்பட்டது. பன்னிரண்டு மாதத்தையும் வரிசையாகப் போட்டு, எந்த மாதம் வேலை இருக்கும், எப்போது வீட்டில் தானியம் தீரும், எப்போது கடன் கட்ட வேண்டும், எப்போது மழை, எப்போது நாற்று, எப்போது பூ என்று கூழாங்கல் வைத்து நிரப்பச் சொன்னோம். தரையில் கல்லையும் குச்சியையும் வைத்து ஊர்க்காரர்களையே வரையவைக்கும் முறை, ஊரக வளர்ச்சி ஆய்வாளர் ராபர்ட் சேம்பர்ஸ் போன்றவர்களால் 1990-களில் உலகம் முழுக்கப் பரவியது. பழைய முறை என்று எனக்கு அதன்மேல் ஓர் இளக்காரம் இருந்தது. அந்த நாட்காட்டி சொன்ன விஷயம் இது: மிகப் பெரிய வெள்ளம் வரும் மாதத்தைவிட, அதற்கு ஒன்றரை மாதம் முன்னால் வரும் சிறு வெள்ளம்தான் கரையோரக் குடும்பங்களை அதிகம் உடைத்தது. அந்தச் சமயத்தில்தான் தானியமும் தீர்ந்திருக்கும், கடன் தவணையும் வரும், வேலையும் இருக்காது. வெயிலுக்கும் இதே கணக்குதான். பூக்கும் நேரத்தில் 35 டிகிரிக்கு மேல் போனால் நெல்மணி பதராகும். வருட சராசரி வெப்பத்தை வைத்து நாங்கள் போட்ட அடுக்கில் இதெல்லாம் வரவே வராது.

பெண்களோடு தனியாக உட்கார்ந்ததைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முதல் இரண்டு கூட்டத்துக்கும் பெண்கள் வந்தார்கள், பேசவில்லை. வருகைப் பதிவேட்டில் மட்டும் பாதிக்குப் பாதி இருந்தார்கள். பிறகு அவர்கள் வேலை முடிந்து வரும் நேரம் கேட்டு, அந்த நேரத்தில், ஆண்கள் இல்லாமல் உட்கார்ந்தோம். அவர்கள் வரைந்த ஊர் வேறு ஊராக இருந்தது. ஆண்களின் தாளில் வயலும் மடையும் பெரிதாக இருந்தன. பெண்களின் தாளில் குடிதண்ணீர் எடுக்கும் பாதை, விறகு காயும் இடம், இரவில் ஒதுங்கப் போகும் இடம், பிரசவத்துக்குத் தூக்கிக்கொண்டு போகும் வழி. அந்த நான்கில் மூன்று, ஒரே சிறுபாலத்தைத் தாண்டிப் போயின. அந்தப் பாலம் ஆண்களின் தாளில் இல்லை. என் செயற்கைக்கோள் படத்திலும் இல்லை, ஒரு படப்புள்ளியைவிடச் சின்னது.

யார் வரவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். பூட்டிக் கிடந்த வீடுகளை ஆள் இல்லாத வீடு என்று முதலில் விட்டுவிட்டோம். அவர்கள் வேலை தேடிப் போயிருந்தார்கள், அதாவது மேலே சொன்ன கடைசிப் படியில் நின்றவர்களே அவர்கள்தான். அவர்கள் திரும்பும் மாதத்தில் மறுபடி போனோம். தனியாக வாழும் வயதானவர்கள், நடக்க முடியாதவர்கள் எந்தக் கூட்டத்துக்கும் வரமாட்டார்கள். அவர்கள் வீட்டுக்கு நாம்தான் போக வேண்டும்.

கணக்கு வகையில் ஒரு பாடம். நான் பதினாறு அளவுகோல்களை எடுத்து, ஒவ்வொன்றையும் பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் இடையில் கொண்டுவந்து, கூட்டிச் சராசரி எடுத்திருந்தேன். இது பரவலாக எல்லோரும் செய்வது. கரையோரத்தில் ஒரு விதவையின் வீடு அதில் ‘நடுத்தர ஆபத்து’ என்று வந்தது. காரணம், அவர் வீட்டுக்கு அருகில் பள்ளிக்கூடம் இருந்தது, சாலை இருந்தது, செல்பேசிக் கோபுரம் இருந்தது. நிலமில்லை, ஆள்துணையில்லை, வீட்டைச் சுற்றிப் பன்னிரண்டு நாள் தண்ணீர் என்பதையெல்லாம் அந்தக் கோபுரம் ஈடுகட்டிவிட்டதாம். சராசரியை அன்றே விட்டுவிட்டேன். ஐந்து கேள்விகள் மட்டும் வைத்துக்கொண்டோம், அதில் எந்த இரண்டு மோசமாக இருந்தாலும் அந்த வீடு முதல் பட்டியலில். முரட்டுத்தனமான முறைதான். ஆனால் ஊர்க்காரர்கள் தாங்களாகவே சரிபார்க்க முடிந்தது, தப்பென்றால் சண்டை போடவும் முடிந்தது.

எங்கள் வேலையே தீங்கான கதையையும் சொல்ல வேண்டும். சிவப்பு நிறம் போட்ட தாளின் பிரதி ஓர் அலுவலகத்துக்குப் போனது. உதவி கேட்டு நாங்களேதான் கொடுத்தோம். சில மாதம் கழித்து, ‘அதிக ஆபத்துள்ள பகுதி’ என்பதால் அங்கே வீடு பழுதுபார்க்க உதவி தர முடியாது என்று பதில் வந்தது. ஆபத்து என்று நாங்கள் காட்டியது, அங்கே குடியிருப்பதே தவறு என்பதற்கு ஆதாரமாகிவிட்டது. கடன் கொடுப்பவர் கையில் அது போயிருந்தால் வட்டி ஏறியிருக்கும். அதற்குப் பிறகு இரண்டு வரைபடம் என்று வைத்துக்கொண்டோம். வீடு வீடாகக் குறித்தது ஊரிலேயே, ஊர்க்காரர்கள் பொறுப்பில் இருக்கும். பெயரோ வீட்டுக் குறியோ அதில் இருந்து வெளியே போகாது. வெளியே போகும் தாளில் ஆட்களே இல்லை, செய்ய வேண்டிய வேலைகள் மட்டும் இருக்கும்: இந்த மதகை அகலப்படுத்துங்கள், இந்த வடிகாலைத் தூர்வாருங்கள், இந்தப் பாதையை இரண்டடி உயர்த்துங்கள். யாரிடமாவது விவரம் கேட்கும்போதே, அது யார் கண்ணில் படும், வேண்டாமென்றால் எப்போது அழிக்கலாம் என்று சொல்லிவிட வேண்டும். நாங்கள் முதலில் அதைச் சொல்லவில்லை, எங்களுக்கே தெரிந்திருக்கவில்லை.

வரைபடத்தால் என்ன நடந்தது? பெரிதாக ஒன்றும் இல்லை என்றும் சொல்லலாம். அந்தச் சிறுபாலத்தின் அடைப்பை எடுத்ததில் பள்ளத்தில் தண்ணீர் நிற்கும் நாட்கள் குறைந்தன. நாற்றங்காலைப் பள்ளத்திலிருந்து மாற்றி, மேட்டில் நாலைந்து குடும்பம் சேர்ந்து போட்டார்கள். இரண்டு வாரம்வரை மூழ்கினாலும் தாங்கும் நெல் ரகங்கள் இருக்கின்றன. விதை குறைவாக வந்தபோது, அதை யாருக்குக் கொடுப்பது என்று தண்ணீர் நிற்கும் நாட்களைக் குறித்த தாளைப் பார்த்து ஊரே முடிவு செய்தது. அந்த ரகங்களைப் பற்றி ஒடிசாவில் நடந்த ஓர் ஆய்வு 2013-ல் வெளிவந்தது. சாதியால் ஒதுக்கப்பட்டவர்களின் வயல்கள்தான் வெள்ளம் அதிகம் வரும் தாழ்வான இடங்களில் இருக்கின்றன, ஆகவே அந்த விதையால் அதிகம் பயன்பெறக் கூடியவர்களும் அவர்களே என்று அது காட்டியது. எங்கள் தாளிலும் பள்ளமும் ஏழ்மையும் ஒன்றின் மேல் ஒன்றாகத்தான் விழுந்தன. பள்ளத்து நிலம் யாருக்கு வந்து சேரும் என்பதை மழை முடிவு செய்வதில்லை.

இன்னொன்றும் நடந்தது. வெள்ளம் வந்த பிறகு கொடுக்கும் உதவியை, முன்னறிவிப்பு வந்த உடனே கொடுக்கும் முறை ஒன்று இருக்கிறது. செஞ்சிலுவை இயக்கம் பல நாடுகளில் இதைச் செய்கிறது. அதற்குச் சில நாள்தான் அவகாசம், அந்தச் சில நாளில் யாருக்கு என்று கணக்கெடுக்க முடியாது. எங்கள் பட்டியல் தயாராக இருந்ததால் ஒரு பருவத்தில் சிறு தொகை முன்கூட்டியே போய்ச் சேர்ந்தது. ஆட்டை அடிமாட்டு விலைக்கு விற்காமல், மேட்டுக்கு ஓட்டிப்போக வண்டி பிடித்தவர்கள் சிலர். அடுத்த முறை பணம் வரவில்லை. பட்டியல் மட்டும் இருந்தது.

நடக்காதது: வாய்மொழிக் குத்தகை எழுத்துக்கு வரவில்லை. கூலிக்காரரின் வேலை நாட்களை யாரும் சேதமாக ஏற்கவில்லை. பயிர்க் காப்பீட்டில் சேர்ந்தவர்களுக்கு, மழை அளக்கும் கருவி இருந்த இடத்தில் மழை குறைவு என்பதால் ஒரு வருடம் ஒன்றும் கிடைக்கவில்லை, அவர்கள் வயலோ மூழ்கியிருந்தது. இதையெல்லாம் வரைபடம் எடுத்துக்காட்டியது, மாற்றவில்லை. மாற்றும் என்று யாராவது சொன்னால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள்.

கடைசியாக ஒரு நடைமுறைக் குறிப்பு. செல்பேசிச் செயலி ஒன்று செய்து கொடுத்தோம், ஆறு மாதத்தில் யாரும் திறக்கவில்லை. தடித்த துணியில் எழுதிய வரைபடம் நிலைத்தது. அதன் ஓரத்தில் அழிக்க முடியாத மைப் பேனா ஒன்றைக் கட்டிவிட்டிருந்தோம். இப்போது அந்தத் துணியில் என் கோடுகளைவிட அவர்கள் போட்ட கோடுகள்தான் அதிகம். போன மழையில் தண்ணீர் ஏறிய எல்லை என் எல்லையைத் தாண்டி இரண்டு வீடு தள்ளி நீல மையில் ஓடுகிறது. வெள்ளையாக விட்ட துண்டில் எழுத இடமில்லை. பூட்டிய வீடுகளுக்குப் போட்ட வட்டங்களில் மூன்று அப்படியே இருக்கின்றன. அந்தக் குடும்பங்கள் இன்னும் திரும்பவில்லை, வட்டத்தை எடுத்துவிடலாமா என்று ஒரு கூட்டத்தில் பேச்சு வந்தது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். அப்புறம் பேச்சு சிறுபாலத்துக்குப் போனது. அடைப்பை இந்தத் தடவை எடுப்பது யார் முறை என்று இருட்டும்வரை வாக்குவாதம் நடந்தது.